பழம்பொறிகளின் கூட்டுவாழ்வு

அமெரிக்காவிலுள்ள யூற்றா பல்கலைக்கழகத்தின் கணினித் துறையினர் 2025ஆம் ஆண்டிலே தமது களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபொழுது பழைய காந்த நாடாச் சுருளொன்று அகப்பட்டது. பெல் ஆய்வுகூடத்திலிருந்து வந்த யுனிக்ஸ், நான்காம் பதிப்பு, என்று அதன்மேல் ஒட்டிய சீட்டிலே கையால் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கையெழுத்து, அங்கு முன்னர்க் கடமையாற்றி மறைந்த அறிஞர் ஒருவருடையதென்று அவருடைய மாணாக்கர் அடையாளங் கண்டனர். நான்காம் பதிப்பு 1973ஆம் ஆண்டின் பிற்கூற்றுக்குரியது. யுனிக்ஸின் கருப்பகுதியை 'சி' மொழியிலே எழுதிய முதற் பதிப்பு அதுவே. இன்று கைத்தொலைபேசி முதல் விண்கலம் வரை ஓடும் இயக்கமுறைமைகளிற் பல அதன் வழிமரபையோ சாயலையோ கொண்டவை. ஆயினும் அந்த நாடா வெளிப்படும்வரை, அப்பதிப்பின் கையேடும் சிதறிய சில பகுதிகளுமன்றி முழுவடிவம் எவர் கைக்கும் எட்டவில்லை.

நாடாவை அஞ்சலில் அனுப்பாது, மோட்டார் வண்டியில் ஏற்றிக் கலிபோர்ணியாவின் மவுண்டன் வியூ நகரத்திலுள்ள கணினி வரலாற்று நூதனசாலைக்குக் கொண்டுசென்றனர். அரை நூற்றாண்டு கடந்த நாடாவிலே காந்தப்பூச்சு எப்பொழுது உதிரும் என்று சொல்லுதல் அரிது. ஒருமுறை ஓடவிடும்போதே முழுவதையும் பற்றிக்கொள்ள வேண்டும். ஆதலால் நாடாவிலிருந்த காந்த அலைவுகளை முதலில் உள்ளபடியே எண்களாகப் பதிந்துகொண்டு, அவற்றிலிருந்து எழுத்துக்களைப் பின்னர் மென்பொருளாற் பிரித்தெடுத்தனர். ஏறக்குறைய முழுவதும் கிடைத்தது. டிசெம்பர் மாதத்தில் இச்செய்தியை வாசித்தபொழுது எனக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் நினைவு வந்தது. தொட்டால் ஒடியும் ஏடுகளைக்குறித்து அவர் தமது பதிப்புரைகளிலே எவ்வளவு வருந்தியிருக்கிறார்! ஏட்டுக்கு இராமபாணப் பூச்சி. நாடாவுக்கு உதிரும் பூச்சு. பகை வேறாயினும் வேதனை ஒன்றே.

எனினும் என் சிந்தையைக் கவர்ந்தது நாடா கிடைத்த கதையன்று, அதன்பின் நிகழ்ந்ததே. நாடாவின் உள்ளடக்கம் பொதுவில் வெளியிடப்பட்டுச் சில நாட்களுக்குள், உலகின் பல மூலைகளிலிருந்த பொழுதுபோக்கு ஆர்வலர்கள் அதனைத் தத்தம் வீடுகளிலே இயக்கிவிட்டனர். ஐம்பத்திரண்டு ஆண்டுப் பழமையான ஒன்று, எழுந்து நின்று, கட்டளை இடுக என்று காத்திருந்தது. இது வியப்புக்குரியதா? அந்த ஆர்வலருக்கு இதிலே பெருவியப்பு இருந்திராது. ஆண்டுக்கணக்காக அவர்கள் இதற்கு ஆயத்தமாகவே இருந்தனர்.

இதன் இளைய உடன்பிறப்பாகிய 1975ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பை நானும் என் மேசையிலே இயக்கிப் பார்த்ததுண்டு. ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இன்று யாவரும் இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டுகிறோம். பழைய யுனிக்ஸ் அதனை அறியவில்லை என்று கையை விரித்துவிட்டது. அக்காலத்திலே அதற்கு ஐந்தெழுத்து. பிழைத்த எழுத்தை அழிக்கலாமென்றால் அழிக்கும் விசையும் உதவவில்லை. # என்ற குறியைத் தட்ட வேண்டும். ஏனெனில் அன்றைய பயனாளர் முன்னே இருந்தது ஒளித்திரையன்று, கடதாசியில் அச்சடிக்கும் தொலையச்சுப்பொறி. அச்சடித்த எழுத்தை அழிக்க எவராலும் ஆகாது. முந்திய எழுத்தைக் கணக்கில் எடுக்காதே என்று பொறிக்கு ஒரு குறியாற் சொல்லத்தான் முடியும். நூலிலே படித்து நான் விளங்கிக்கொள்ளாத இந்தக் காரணத்தை, பொறியோடு கால்மணி நேரம் மல்லாடியதால் விளங்கிக்கொண்டேன்.

யூற்றா நாடா இத்துணை விரைவிலே உயிர்பெற்றமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பொறி இருந்தது. நான்காம் பதிப்பு ஓடியது டிஜிற்றல் நிறுவனத்தாரின் பி.டி.பி.-11 வகைக் கணினியில். அந்த இரும்பு இல்லாதவரும் அதனைத் தம் வீட்டுக் கணினிக்குள்ளே மென்பொருளாக எழுப்பிக்கொள்ளலாம். இதனைப் 'போலிப்பொறி' என்று நான் வழங்குகிறேன். போலி என்றது இழிவுபற்றியன்று. ஐந்து என்பது அஞ்சு என நின்றும் பொருள் கெடாமை கண்டு இலக்கண நூலார் அதனைப் போலி என்றார்களல்லவா? அவ்வாறே, ஒரு பொறியின் இடத்தில் இன்னொரு பொறி நின்று தொழில் கெடாது நடத்துவது இது. டிஜிற்றல் நிறுவனத்தின் உபதலைவர்களுள் ஒருவராயிருந்த பொப் சுப்னிக் 1993ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'சிம்எச்' என்ற போலிப்பொறித் தொகுதியே இத்துறையின் முதுகெலும்பு. அதனை வளர்த்தோரிடையே 2022இல் ஒரு பிணக்கு மூண்டு, தொகுதி இரு கிளையாயிற்று; ஒரு கிளையைக் குழுவொன்று பொறுப்பேற்று நடத்துகிறது. அறிஞர் சபைகள் அனைத்துக்கும் உரிய குறை இது, நம்மவருக்குப் புதிதன்று.

போலிப்பொறி என்ற உத்தியும் நேற்று வந்ததன்று. 1975இலே போல் அலனும் பில் கேற்ஸும் 'ஓல்ற்றெயர்' என்ற சிறு கணினிக்கு பேசிக் மொழியை ஆக்கியபொழுது அக்கணினி அவர்களிடம் இல்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்த டிஜிற்றல் பி.டி.பி.-10 பெருங்கணினியைச் சிறுகணினிபோல நடிக்கச்செய்தே தம் மென்பொருளைப் பரீட்சித்தனர். அன்று பெரியது சிறியதாக நடித்தது. இன்று சிறியது பெரியதாக நடிக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் றாஸ்பெரி பை என்ற பலகைக்குள்ளே ஒரு பி.டி.பி.-11 முழுவதும் அடங்கிவிடுகிறது. விளக்குகளும் ஆளிகளும் மின்னும் அதன் முகப்பைப் பத்துக்கு ஆறு பங்கு அளவிலே செய்து விற்பாரும் உளர்.

இரண்டாவது காரணம் அனுமதி. 2002ஆம் ஆண்டு ஜனவரியில், அன்று யுனிக்ஸின் உரிமை தம்மதெனக் கொண்டிருந்த கல்டெரா நிறுவனத்தார், முதலாம் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரையிலான பழைய யுனிக்ஸை எவரும் படிக்கலாம், இயக்கலாம், பகிரலாம் என்று சுருக்கமான கடிதம் ஒன்று வெளியிட்டனர். பின்னர் அவ்வுரிமை உண்மையில் யாருக்குரியது என்று வழக்கெழுந்து, 2010இல் நோவெல் நிறுவனத்துக்கே உரியதென ஜூரிகள் தீர்த்தமை வேறு கதை. அக்கடிதத்தை நம்பித் தொடங்கிய பணி நிற்கவில்லை. எந்த நாடா எங்கே கிடைக்குமென்று அறியாத காலத்தில் எழுதிய கடிதம், இருபத்துமூன்று ஆண்டு கழிந்து வெளிப்பட்ட நாடாவுக்குக் கதவைத் திறந்துவைத்தது. இதனை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் அதே டிஜிற்றல் நிறுவனத்தின் இன்னொரு பொறிக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதனைச் சொல்லுமுன், அப்பொறிகள் இன்று எவ்வாறு கூடிவாழ்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும்.

டிஜிற்றல் நிறுவனம் 1957இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மேனாட் என்ற ஊரிலே, பழைய கம்பளி ஆலையொன்றிற் பிறந்தது. 1970இல் வந்த பி.டி.பி.-11 ஏறக்குறைய ஆறு இலட்சம் விற்பனையாயிற்று. 1977இல் வக்ஸ் என்ற வரிசை வந்தது, வீ.எம்.எஸ். என்பது அதன் இயக்கமுறைமை. ஒருகாலத்தில் ஐ.பி.எம்.முக்கு அடுத்த இடத்தில் நின்ற நிறுவனம் 1998இல் கொம்பாக்கிடம் விலைப்பட்டது. கொம்பாக் 2002இல் ஹியூலற் பக்கார்டோடு கலந்தது. தாய் இறந்தாள், பிள்ளைகள் கைமாறி வளர்ந்தனர். 'டெக்நெற்' என்பது அந்நிறுவனம் தன் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக எழுபதுகளின் நடுவில் வகுத்த வலையமைப்பு முறை. இன்றைய இணையத்தின் மொழி வேறு. டெக்நெற்றின் மொழி வேறு. இரண்டும் போட்டியிட்ட காலமும் உண்டு. வென்றது எதுவென்பது உலகறிந்தது.

தோற்ற அந்த மொழியிலேயே இன்றும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் உண்டு. 'ஹெக்நெற்' என்பது அதன் பெயர். பொழுதுபோக்காளரின் டெக்நெற் என்று பொருள். அதன் நடுநாயகமாகச் சுவீடன் நாட்டு உப்சாலாவிலுள்ள 'அப்டேற்' என்ற கணினிக் கழகத்தில் 'மிம்' என்ற கணு இருக்கிறது. கணு என்றது வலையமைப்பிற் சேர்ந்த ஒரு கணினியை. மிம் ஒரு பி.டி.பி.-11. மற்றக் கணுக்களின் பெயரும் முகவரியும் எழுதிய ஏடு அதனிடமே இருக்கிறது. ஏனையோர் அதனைப் பார்த்து எழுதிக்கொள்கின்றனர்.

டெக்நெற் முகவரி இரண்டு பகுதியுடையது: வலயம், கணு. வலயங்கள் 63, ஒவ்வொன்றிலும் கணுக்கள் 1,023. பெருக்கினால் 64,449 முகவரிக்கு இடமுண்டு. மிம்மின் முகவரி 1.13, அதாவது முதலாம் வலயத்துப் பதின்மூன்றாம் கணு. புதிதாகச் சேருவோருக்கு ஒரு வலயமோ வலயத்துள்ளே சில கணுக்களோ ஒதுக்கப்படும். ஒரே முகவரியை இருவர் எடுத்துக்கொண்டால் வலையமைப்பே குழம்பும். தண்டனையில்லை, நீதிமன்றமில்லை, ஒருவர் சொல்லை மற்றவர் நம்பி நடக்கிறார். கணுவுக்கு இடும் பெயர் ஆறு எழுத்துக்கு மேற்போகலாகாது என்பது டிஜிற்றல் அன்று விதித்த விதி. நன்னூலார் சூத்திரம்போல அது இன்றும் மாறாமல் நிற்கிறது.

வீட்டு வடத்தில் ஓடும் பொதிகள், கடல் கடந்து எவ்வாறு செல்லும்? இங்கேதான் ஆர்வலரின் சாமர்த்தியம் இருக்கிறது. உப்சாலாவில் மிம்மைப் பேணுபவர் ஒரு சிறு பாலநிரலை எழுதினார். ஈதர்நெற் வடத்தில் ஓடும் பொதிகளுள் டிஜிற்றலுக்குரியவற்றை மாத்திரம் அது பொறுக்கியெடுத்து, இணையப் பொதியொன்றின் உள்ளே வைத்து, மறுகரைக்கு அனுப்பும். மறுகரையிலுள்ள பாலம் உறையைப் பிரித்து உள்ளிருப்பதைத் தன் வடத்தில் இடும். இடையிலே கடல் இருப்பதைப் பொறிகள் அறியா. பக்கத்து அறையிலிருக்கும் தோழனோடு பேசுவதாகவே அவை எண்ணிக்கொள்கின்றன. டெக்நெற்றை வென்ற இணையமே அதனைத் தோளிற் சுமந்து செல்வதை என்னென்பது!

இதிலே தொல்லைகளும் உண்டு. டெக்நெற்றிற் சேரும் கணினி தன் ஈதர்நெற் முகவரியை விட்டுவிட்டு, வலயமும் கணுவும் அடங்கிய வேறொரு முகவரியைப் புனைந்துகொள்ளும். எண்பதுகளில் அது நல்ல உத்தி. இன்றைய வீடுகளிலுள்ள கம்பியில்லா இணைப்புகளோ, நேற்று ஒரு பெயரும் இன்று ஒரு பெயரும் சொல்லி வருபவனைச் சந்தேகித்து வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. பழைய சிஸ்கோ வழிச்செலுத்திகளைத் தேடி வாங்கி இதனைத் தீர்ப்போர் சிலர். முழு வழிச்செலுத்தியையே பைதன் மொழியிற் புதிதாக எழுதி ஏனையோருக்கு வழங்கியவரும் இக்கூட்டத்தில் உளர்.

கூடி என்ன செய்கின்றனர்? தம் கணுவில் அமர்ந்தபடி பிறர் கணுவுக்குள் நுழைகின்றனர். கோப்புகளைப் பிரதி செய்கின்றனர். பழைய வழியிலே அஞ்சல் எழுதுகின்றனர். வீ.எம்.எஸ்.ஸில் 'போன்' என்று ஒரு கருவி உண்டு. திரை இரண்டாகப் பிரியும். மேலே நான் எழுதுவது, கீழே நீர் எழுதுவது. வசனம் முடிந்தபின் அனுப்புவதன்று. ஒவ்வோர் எழுத்தும் விழும்போதே எதிரிலிருப்பவர் காண்கிறார்: தயக்கத்தைக் காண்கிறார், பிழையைக் காண்கிறார், பிழை திருத்துவதையும் காண்கிறார். இன்றைய செய்திப் பரிமாற்றங்களில் இல்லாத ஒரு நாணமும் நெருக்கமும் இதிலே இருக்கின்றன. எழுத்தாளர்கள் ஒருமுறையேனும் இதிற் பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கைப்பிரதியை எழுதும்போதே தோளுக்குமேல் ஒருவர் வாசிப்பதுபோன்றது.

இவையெல்லாம் பழமையின்மேற் கொண்ட மோகமேயன்றி வேறென்ன என்று கேட்பாரை நான் அறிவேன். மோகம் இல்லையென்று நான் வாதிடவில்லை. மோகமின்றி எவரும் இரவு இரண்டு மணிவரை ஒரு பழம்பொறியோடு விழித்திருப்பதில்லை. ஆனால் மோகத்திற் பிறந்தது பயனற்றது என்ற முடிபு தவறு. 2013ஆம் ஆண்டிலே, கனடாவின் அணுமின் நிலையங்களில் இயங்கும் கருவிகளுக்காகப் பி.டி.பி.-11 கணினியின் அடிமொழி அறிந்தவர் வேண்டுமென்று ஜெனரல் எலெக்றிக் கனடா நிறுவனத்தின் சார்பில் ஒருவர் ஆர்வலரிடையே வந்து தேடினார். அப்பொறிகள் 2050 வரை அங்கே வேலைசெய்ய வேண்டியிருந்தனவாம். எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் நின்று அவர் அழைக்கவில்லை. அறிவு எங்கே இருந்ததோ அங்கே போனார்.

இன்னொன்று. கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸின் கருவிலே டெக்நெற் பேசும் பகுதி நெடுங்காலம் இருந்தது. பேணுவார் இன்றிக் கிடந்த அப்பகுதி 2022இல் அகற்றப்பட்டது. லினக்ஸ் அன்பர்கள் செய்தது பிழையன்று; எவரும் பார்க்காத நிரல் கள்வருக்குத் திறந்த சன்னல். எனினும் பாடம் யாதெனின், பெருந்திட்டமொன்றில் இடம்பெற்றிருத்தல் மாத்திரம் ஒன்றைக் காப்பாற்றாது என்பதே. நாள்தோறும் அதனைப் பேசுவார் வேண்டும். மொழியாசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தனியே நிற்கும் பொறி பழுதுற்றாலும் எவருக்கும் தெரியாது. வலையமைப்பிலுள்ள பொறி மௌனமானால் அடுத்த கணு அறியும். விசாரித்து ஓர் அஞ்சல் வரும். பி.டி.பி.-11 சொன்னதை வக்ஸ் பிழையாக விளங்கிக்கொண்டால், யார்மேற் குற்றமென்று இருவரும் முப்பதாண்டுப் பழைய விளக்கநூலைப் புரட்டுவர். அவ்வாறு புரட்டப்படுவதனாலேயே அந்நூல் வாழ்கிறது.

பழமை பாதுகாப்பற்றது என்பதையும் மறைத்தலாகாது. டெக்நெற்றிலே கடவுச்சொல் மறைப்பின்றி ஓடும். 1989ஆம் ஆண்டு ஒக்டோபரில், புளுற்றோனியம் ஏற்றிய கலிலியோ விண்கலம் ஏவப்படுவதை எதிர்த்து யாரோ விடுத்த 'புழு' நிரலொன்று, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் டெக்நெற் வழியாகவே வீ.எம்.எஸ். கணினிகளில் ஊர்ந்து பெருங்கலக்கம் விளைத்தது. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களே அதற்கு ஏணி. ஆர்வலர் வலையமைப்பில் அத்தகைய களவுக்குரிய பொருள் எதுவுமில்லை என்பதே அதன் காப்பு.

இனி, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். பழம்பொறிகளைக் காக்கும் வழியென்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பது நூதனசாலை. அவ்வகையிற் சிறந்து நின்றது, போல் அலன் சியற்றில் நகரத்தில் அமைத்து 2012இல் பொதுமக்களுக்குத் திறந்த 'உயிருள்ள கணினிகள்' நூதனசாலை. பெயருக்கேற்ப அங்கே பெருங்கணினிகள் கண்ணாடிக்குள் உறங்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தன. தொலைவிலிருந்தும் எவரும் கணக்குப் பெற்று அவற்றில் நுழையலாம். 2018இல் அலன் காலமானார். 2020இல் பெருந்தொற்றினால் மூடிய கதவு திறக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூனில் இனித் திறப்பதில்லை என்ற அறிவித்தல் வந்தது. பொருட்களுட் சில கிறிஸ்ரிஸ் ஏலத்துக்குப் போயின. ஸ்ரீவ் ஜொப்ஸின் அலுவலகத்தில் இருந்ததெனப்பட்ட அப்பிள்-1 கணினியொன்று 9,45,000 டொலருக்கு விலைபோயிற்று. பணம் தருமத்துக்கு என்பது அலனின் விருப்பம். அதிற் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஏலத்தில் விலையேறுவது புகழ்பெற்றவர் தொட்ட பொருளுக்கு. அறை நிறைந்து நின்று, குளிரூட்டலும் பொறியியலாளரும் வேண்டி நிற்கும் பெருங்கணினிக்கு யார் மாலையிடுவார்? ஒரு வள்ளலின் நிழலில் வாழ்ந்தவை, வள்ளல் போனபின் வெயிலில் நின்றன. பாரி மறைந்தபின் பறம்பு நாட்டுக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு இது புதிய சோகமன்று. பொதுமக்கள் தொலைவிலிருந்து பழைய முறைமைகளில் நுழையும் வழியை இன்றும் திறந்துவைத்திருப்பனவற்றுள் எஸ்.டி.எஃப். ஒன்று. 1987இல் தோன்றிய, உறுப்பினரின் சிறு சந்தாவிலே வாழும் சங்கம் அது.

வள்ளலிலும் வலியது ஒன்றுண்டு, அது காகிதம். வீ.எம்.எஸ். ஓடுவதற்கு அனுமதித் திறவுகோல் வேண்டும். குறித்த நாளில் அது காலாவதியாகும். 1997இலிருந்து ஆர்வலருக்கு அத்திறவுகோல் இலவசமாகக் கிடைத்து வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில், அன்று உரிமையாளராயிருந்த ஹியூலற் பக்கார்ட் என்ரர்பிரைஸ், இத்திட்டம் முடிகிறதென அறிவித்தது. இறுதித் திறவுகோல்கள் 2021 டிசெம்பர் 31இல் காலாவதியாயின. வீ.எம்.எஸ்.ஸைத் தொடர்ந்து வளர்த்து வரும் வீ.எம்.எஸ். சொவ்ற்வெயர் என்ற புதிய நிறுவனம் ஆர்வலருக்கென ஒரு திட்டம் தொடங்கியது உண்மையே. ஆனால் அதற்குள்ள உரிமை பிற்காலப் பொறிகளுக்குரியது. வக்ஸுக்கு அதில் இடமில்லை. அத்திட்டமும் 2024 மார்ச்சிற் குறுகியது. அல்பா, இற்றேனியம் என்ற பொறிகளுக்குப் புதியவர் எவரும் இனிப் பெறமுடியாது. தற்காலக் கணினிகளுக்கு மாத்திரம், முன்கூட்டியே அமைத்த வட்டுப் பிரதி வழங்கப்படும் என்றனர். வணிக நிறுவனத்துக்குச் செலவுண்டு, ஆட்பற்றாக்குறையுண்டு. அதை நான் மறுக்கவில்லை.

திறவுகோல் தீர்ந்த வக்ஸ் இறந்துவிடுவதில்லை. மின்சாரம் கொடுத்தால் எழும், வட்டுச் சுழலும், கட்டளைக்குக் காத்திருக்கும். ஆனால் அதனோடு ஒட்டிவைத்த இயக்குநர் முனையத்தில் அமர்ந்தவர் மாத்திரமே உள்ளே புகலாம். வேறு முனையத்திலிருந்து வருவோரை அது ஏற்காது. டெக்நெற்றுக்கும் தனித் திறவுகோல் வேண்டுமாதலின் அயற்கணுக்களோடு பேச்சும் நின்றுவிடும். உயிரை விட்டுவைத்து உறவை மட்டும் அறுக்கும் தண்டனை இது. நம் ஊர்களில் முன்னர் இதற்கு ஊர்விலக்கு என்று பெயர். நாற்பதாண்டுக்கு முன் விற்று, விலை வாங்கி, கணக்கு முடிந்த ஒரு பொருளால், இன்று வீட்டின் பின்னறையில் அதனை வைத்து அயலவரோடு அஞ்சல் எழுதுபவரிடமிருந்து உரிமையாளருக்கு யாது நட்டம் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு சதமும் காணேன்.

சட்டம் இவ்விடயத்தை அறவே அறியாததன்று. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் மென்பொருட் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. மூன்றாண்டுக்கொருமுறை அதற்கு விலக்குகள் வழங்கப்படும். 2018இலே, பழைய மென்பொருளைப் பேணுவதற்காக நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் நூதனசாலைகளுக்கும் ஒரு விலக்குக் கிடைத்தது. பேணிய விளையாட்டு மென்பொருளை ஆய்வாளர் தொலைவிலிருந்து பயன்படுத்தலாமா என்ற விண்ணப்பம் 2024 ஒக்டோபரில் மறுக்கப்பட்டது. இவற்றிலே என் கண்ணுக்குப் படுவது இதுவே: சட்டத்தின் கண்ணுக்குக் கட்டடம் தெரிகிறது, கூட்டம் தெரியவில்லை. சுவரும் பெயர்ப்பலகையும் உள்ள நிறுவனத்துக்கு விலக்கு. ஐம்பது வீட்டுப் பின்னறைகளிற் பரந்து கிடக்கும் தோழமைக்கு இல்லை. ஆனால் நிகழ்ந்ததோ மறுதலை. சுவரும் பெயர்ப்பலகையும் கோடிப்பொருளும் இருந்த சியற்றில் நூதனசாலை மூடிக்கிடக்கிறது. ஒரு சதமும் மூலதனமில்லாத ஹெக்நெற் பேசிக்கொண்டிருக்கிறது. நூதனசாலை வேண்டாமென்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. மவுண்டன் வியூவிலே அந்த நாடாவைப் படிக்க வல்ல கருவியும் கையும் நூதனசாலையிலேதான் இருந்தன. படித்ததை ஓட்ட வல்லவரோ வெளியே இருந்தனர். ஒருவரில்லாமல் மற்றவருடைய பணி பாதியில் நின்றிருக்கும்.

வக்ஸுக்கு வேண்டியது புதுச்சட்டமும் அன்று. 2002இல் யுனிக்ஸுக்கு எழுதியது போன்ற ஒரு சுருக்கமான கடிதம் போதும். வணிகப் பயனற்ற பழைய பதிப்புகளை, இலாபநோக்கின்றி இயக்குவோர் இயக்கலாம் என்று சில வரிகள். எழுத ஒரு சட்டத்தரணிக்கு அரைநாள் வேலை. அதைக் கேட்டுப் பெறவேண்டியவர் ஆர்வலர் மட்டுமல்லர். கணினித் துறையை நடத்தும் பல்கலைக்கழகங்களும் கேட்கலாம். கேட்டால் அவற்றின் குரல் சற்று உரத்துக் கேட்கும். பயில வந்த மாணவனுக்கு, அடி முதல் முடி வரை ஒருவன் மூளையில் அடங்கக்கூடிய ஒரு முழு இயக்கமுறைமையைக் காட்ட இதனினும் சிறந்த பொருள் எது? இன்றைய முறைமைகள் ஒருவர் ஆயுளில் வாசித்து முடியாதவை.

இதனிடையே என் சொந்த எண்ணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெக்நெற்றில் ஒரு கணுவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். வக்ஸை வைத்தால் திறவுகோலுக்கு எங்கே போவது என்ற சங்கடம் இருப்பதால், பி.டி.பி.-11 என்றே முடிவு செய்துள்ளேன். அதன் பழைய இயக்கமுறைமைகளின் உரிமையைத் தொண்ணூறுகளில் வாங்கிய மென்ரெக் நிறுவனத்தார், சுப்னிக்கின் போலிப்பொறியில் அவற்றின் முந்திய பதிப்புகளை ஆர்வலர் இயக்கலாமென்று ஒரு சலுகை தந்திருக்கின்றனர். கணுவுக்குப் பெயர் வேண்டும். ஆங்கில எழுத்து ஆறுக்கு மேற்போகலாகாது. நம் நகரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். கொழும்பு ஏழு, அடங்காது. திருகோணமலையும் மட்டக்களப்பும் வெகுதூரம். யாழ்ப்பாணத்துக்குச் சரியாக ஆறு.